மாமனாரைக் கட்டாமல் ஏற்றிய லாரி

எனக்கு மூட்டை கட்டத் தெரியாது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு இதை ஒப்புக்கொள்வதில் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இது தெரியாதவர்கள் இனிமேல் பிறக்கப் போகிறவர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் தொட்டிலில் போட்டவுடன் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இருபத்தாறு வயதில் எனக்கு எல்லாம் தெரியும். கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்துவிட்டு வந்து புரசைவாக்கத்தில் போர்டு மாட்டியிருந்தேன். கோட்டு இருந்தது, டை இருந்தது, காலால் மிதித்துப் பல்லைக் குடையும் இயந்திரம் இருந்தது, நோயாளிகள் உட்கார ஒரு பெரிய இரும்பு நாற்காலியும் இருந்தது. நோயாளிகள்தான் இல்லை.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மிதியை அழுத்தினால் உயரும், பிடியைத் திருகினால் பின்னால் சாயும், தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றும். நகர்த்த நாலு ஆள் வேண்டும். என் கல்யாணத்துக்கு மாமனார் செய்த சீர் அது. பெண்ணை முழு மனதோடு கொடுத்தார். நாற்காலியை அப்படிக் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் வந்து அதில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பார். கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வெளேரென்று இரண்டு கன்னத்திலும் படர்ந்த மீசை. அதற்குத் தினமும் காலையில் அரை மணி நேரம் ஒதுக்குவார். "நோயாளி வந்தா எழுந்துக்கறேன் மாப்பிள்ளே" என்பார். அவர் எழுந்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வந்ததில்லை.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணம் பாதி காலியான வருஷம் அது. பல் வலிக்காரர்கள்கூட வலியோடு ஊரை விட்டு ஓடினார்கள். என் மனைவி ருக்மணியின் சித்தப்பா வீடு ஒன்று கரையான்சாவடியில் பூட்டிக் கிடந்தது. அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் நாற்காலி புது வீட்டில் இறங்கிவிட வேண்டும் என்பது மாமனார் உத்தரவு.

லாரிக்கு ஆள் கிடைப்பதே அப்போது பெரிய காரியம். பூந்தமல்லி காதர் பாய் வந்தார். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் லாரியின் பக்கத்தில் ஒரு கரி அடுப்பைப் பொருத்தி, அதன் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார். செங்கல் சூளைக்கும் ஏரி மண்ணுக்கும் இருபது வருஷம் வண்டி ஓட்டியவர். ரோடு இல்லாத இடத்தில்தான் அவர் அதிகம் ஓட்டியிருக்கிறார்.

அவருக்கு எப்படிச் சாமான் ஏற்றுவது என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

இதற்காக முதல் நாளே ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தேன் (சிவப்பு, நீலம் இரண்டு பென்சிலில்). எது முதலில் இறங்க வேண்டுமோ அது கடைசியில் ஏற வேண்டும் என்பது என் தத்துவம். நாற்காலி முதலில் இறங்க வேண்டும். ஆகவே அது லாரியின் வால் பக்கம், பின்பலகையை ஒட்டி. மெத்தை, தலையணை, மூங்கில் கூடை எல்லாம் முன்னால், அடியில். அதற்கு மேல் பீரோ. பீரோவுக்கு மேல், அச்சு எடுக்கிற வெள்ளை பிளாஸ்டர் மாவு மூட்டை. அதற்கும் மேல், என் கண்ணில் படுகிற மாதிரி, நான் செய்து முடித்த பொய்ப் பல் செட்டுகள் ஆறும் இருந்த தகரப் பெட்டி.

காதர் பாய் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சோக்கா கீது டாக்டர் சார். ஆனா கனத்த எல்லாம் வாலுல வெச்சா லாரி மூக்கத் தூக்கிக்கும். ஸ்டீரிங் கையில நிக்காது. கனம் அடியில போவணும், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. மெத்தை கித்தையெல்லாம் அதுக்கு மேல. கேபின் ஒசரத்துக்கு மேல எதுவும் வேணாம்."

"நீங்கள் சொல்வது செங்கல்லுக்கு" என்றேன். "இது விஞ்ஞானக் கருவி."

"சரி, கட்டவாவது வுடுங்க. கயிறு கீது."

"கயிறு கட்டினால் தோல் உறை தேய்ந்துவிடும். அதன் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும் பாய். பூமிக்கு ஈர்ப்பு சக்தி என்று ஒன்று இருக்கிறது."

"அதுவும் இருக்கட்டும் சார். கூட ஒரு கயிறும் இருக்கட்டுமே."

ருக்மணி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். "ஏங்க, அவரு சொல்றத கேட்டா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள்.

"உனக்கு பௌதிகம் தெரியாது. நீ போய் முன்னால் உட்கார்" என்றேன். (இந்த வாக்கியத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனை நாற்பத்தெட்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.)

கேபினில் மூன்று பேருக்குத்தான் இடம். டிரைவர், நான், ருக்மணி. மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "கோழிக்கூண்டுல அடைச்ச மாதிரி நாலாவது ஆளா நான் வரணுமா? என் நாற்காலி பின்னாடி சும்மாதானே வருது?" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? "தாராளமாக உட்காருங்கள் மாமா. உங்கள் எடையும் சேர்ந்தால் நாற்காலி இன்னும் உறுதியாக நிற்கும்" என்றேன்.

காதர் பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். அடுப்பில் கரியைக் கொட்டப் போய்விட்டார்.

கோயம்பேடு தாண்டும் வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ரோடு முழுக்க மாட்டு வண்டிகள், தலையில் டிரங்குப் பெட்டியோடு ஜனங்கள். அத்தனை பேருக்கும் மேலே, திறந்த லாரியில், இரும்பு நாற்காலியில் கைத்தடியோடு மாமனார் வந்துகொண்டிருந்தார். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து இரண்டு மூன்று பேர் கும்பிட்டார்கள். அவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

மதுரவாயலில் ஒரு சிப்பாய் சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்தினான். ஆவடிக்குப் போகும் பட்டாள லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எட்டு மணி எட்டரை ஆயிற்று. எட்டரை ஒன்பதாயிற்று. பின்னால் லாரியின் பக்கப் பலகையில் டக் டக் என்று கைத்தடி தட்டியது.

"மாப்பிள்ளே! ராகு காலம் நமக்காக நிக்காது!"

"வேறு வழி இல்லையா பாய்?" என்று கேட்டேன்.

"வழி கீது. வடக்கால திரும்பி ஏரிக்குள்ள எறங்கி குறுக்கால போனா சென்னீர்குப்பத்துகிட்ட ஏறிடலாம். அங்கிருந்து கரையான்சாவடி கூப்பிடு தூரம். ஏரி காஞ்சிதான் கெடக்குது. ஆனா இந்த லோடோட நான் எறங்க மாட்டேன். எல்லாத்தையும் எறக்கி, ஒயுங்கா ஏத்தி கட்டினு போலாம். அரை மணி நேரம் ஆவும்."

அரை மணி நேரம்! நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன் (அதுவும் மாமனார் செய்த சீர்).

"நீங்கள் மெதுவாக ஓட்டினால் போதும். பொறுப்பு என்னுடையது."

காதர் பாய் என்னிடம் பேசவில்லை. எனக்கு அந்தப் பக்கம் இருந்த ருக்மணியிடம், "ஏம்மா, டாக்டர் சொன்னது உங்க காதுல வுழுந்துதில்ல?" என்றார். வுழுந்தது என்று தலையாட்டினாள். சாட்சி பதிவாகிவிட்டது. லாரி ஏரிக்குள் இறங்கியது.

காய்ந்த ஏரி தூரத்திலிருந்து பார்க்கத்தான் சமமாக இருக்கும். மழைக்காலத்தில் எருமைகள் மிதித்த குழி அத்தனையும் அப்படியே இறுகிக் கல்லாகியிருந்தது. நடுநடுவே ஆள் கால் நுழைகிற வெடிப்பு. முதல் குழியிலேயே பீரோவுக்கு அடியிலிருந்த மெத்தை, சாமானைத் தாங்குவதை விட்டுவிட்டு மேலே எகிறத் தொடங்கியது. பீரோ ஆடியது. பல் பெட்டி கடகடவென்று சிரித்தது.

கேபினின் பின்பலகையில் ஒரு சின்ன சதுர ஓட்டை இருந்தது. அதன் வழியே, பீரோவின் ஓரத்து இடுக்கில் மாமனாரைப் பார்த்தேன். முகம் தெரிந்தது. அடுத்த குழியில் லாரி இறங்கி ஏறியது. இப்போது முதுகு தெரிந்தது. நாற்காலி சுற்றத் தொடங்கியிருந்தது. முகம், முதுகு, முகம். ஒவ்வொரு முறை முகம் வரும்போதும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டார். "மாப்..." என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

"நிறுத்தச் சொல்லுங்க!" என்றாள் ருக்மணி.

"கரை வந்துவிட்டது, ஏறினால் முடிந்தது" என்றேன்.

கரைப் பக்கம்தான் ஏரியின் ஆழம். எல்லா இடமும் காய்ந்தாலும் அங்கே கொஞ்சம் சேறும் தண்ணீரும் கிடக்கும். அதை ஒட்டி மேடேறும் வண்டித் தடத்தில் காதர் பாய் லாரியைத் திருப்பினார். முன்சக்கரம் மேடேறியது. ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு ரோடு தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. "தூக்கிக்கிச்சு!" என்றார் காதர் பாய். பின்னால் மரம் முறிகிற சத்தம் கேட்டது. பின்பலகை போய்விட்டது. உடனே லாரியின் மூக்கு தொப்பென்று கீழே இறங்கியது. வால் அவ்வளவு லேசாகிவிட்டது என்று அர்த்தம்.

நான் குதித்து ஓடினேன். சத்தமாகக் கத்திக்கொண்டே ஓடினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ருக்மணி இதைப் படிக்கப் போகிறாள். "மாமா!" என்று நான் கத்தவில்லை.

"நாற்காலி!" என்று கத்தினேன்.

நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் அளவு சேற்றில் நேராகப் போய் நட்டுக்கொண்டிருந்தது. மாமனார் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி அதில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால் வரை சேற்றுத் தண்ணீர். அவருக்கும் அடி கிடி இல்லை. என்னைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி, உள்ளே ஏதோ திருகு கழன்று, மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. வாயைப் பிளந்து பல்லைக் காட்டுகிற நோயாளி எப்படிப் படுப்பாரோ அப்படிப் படுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, பீரோ மேலிருந்து சறுக்கி வந்து லாரியின் வால் விளிம்பில் யோசித்துக்கொண்டிருந்த பிளாஸ்டர் மூட்டை அவர் மேல் விழுந்து வெடித்தது.

பிளாஸ்டர் மாவு தண்ணீரோடு சேர்ந்தால் பத்து நிமிஷத்தில் கல்லாகிவிடும். கல்கத்தாவில் இதற்காக எனக்கு முதல் மார்க்கு கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைச் சிலையாகக் கிடந்த மாமனார் என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார்.

"வாயைத் திறக்காதீர்கள் மாமா! இறுகிவிடும்!"

"நைனா!" என்று சேற்றில் விழுந்து எழுந்து வந்தாள் ருக்மணி. முந்தானையை நனைத்து நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். கண், மூக்கு, கன்னம் எல்லாம் ஒவ்வொன்றாக மீண்டன. மீசை மீளவில்லை. தண்ணீர் பட்டுத் தொங்கிக்கொண்டிருந்த மயிருக்குள் மாவு புகுந்து பிடித்துக்கொண்டது. நான் தொட்டுப் பார்த்தபோது சூடாக இருந்தது. இறுகத் தொடங்கினால் அது சூடாகும்.

"வெட்ட வேண்டும்" என்றேன்.

மாமனார் வாயைத் திறக்காமலே ஒரு சத்தம் போட்டார். வேறு வழி இல்லை. வலது பக்கம் ஏற்கெனவே உதட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தது. ருக்மணி தலையைப் பிடித்துக்கொண்டாள். என் கருவிப் பையிலிருந்து ஈறு வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். என் வைத்திய வாழ்க்கையில் அந்த நாற்காலி முதன்முதலாகக் கூட்டம் சேர்த்தது அன்றைக்குத்தான். சுற்றிலும் மாடு எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

"இன்னா பாய் நடக்குது? செரைக்கிறாரா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"பல்லு டாக்டரு" என்றார் காதர் பாய்.

"பல்லுக்கு இன்னாத்துக்கு மீசய எடுக்கறாரு?"

நான் இடது பக்க மீசைக்கு மாறினேன்.

வெட்டி எடுத்த மீசை மீசையாகவே கையில் வந்தது. உள்பக்கம் அவருடைய மேல் உதட்டின் அச்சு அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது. (தொழில் பெருமையில் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அதையும் அவர் கவனித்தார்.) மீசை இல்லாத மாமனாரை ருக்மணி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

"ஐயோ! ஒரு வாய் கீதுப்பா இங்க!" என்று அதே எருமைக்கார அம்மாள் அலறினாள். பல் பெட்டி திறந்து, செட்டுகள் வழி நெடுகச் சிதறியிருந்தன. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தப் பன்னிரண்டு பேரும் ஏரிக்குள் பல் பொறுக்கினார்கள். "மேல் வாய் ஒண்ணு!" "இதுக்கு ஜோடி கீழ் வாய் யாராண்ட கீது?" என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டார்கள். ஐந்தரை செட் கிடைத்தது. எந்த மேல் வாய்க்கு எந்தக் கீழ் வாய் என்று பிரிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அப்படியும் ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார் சிரித்தால் வேறு யாரோ சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

முகம் கழுவி முடித்ததும் மாமனார் பேசினார். என்னிடம் இல்லை.

"பாய், என்னை எங்க ஒக்கார வெக்கப் போறீங்க?"

"கேபின்ல சார். சரக்கோட ஆளு வரக்கூடாது."

பிறகு காதர் பாய் என்னைக் கேட்காமல் லாரியைக் காலி செய்தார். மூங்கில் கழி கொடுத்து எட்டுப் பேர் நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். அதைப் படுக்க வைத்து, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், நடுவில், லாரியின் தளத்தோடு ஒட்டினாற்போல் இறக்கினார். பக்கத்தில் பீரோவைக் கதவு மேலே இருக்கும்படி கிடத்தினார். இடைவெளியில் எல்லாம் வைக்கோலை அடைத்தார். கை வைத்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. மெத்தையை மேலே பரப்பி, தார்ப்பாய் போட்டு, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொக்கியில் மாட்டி, பக்கச் சட்டத்தில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்துக் கட்டினார். பின்பலகை இருந்த இடத்தில் இரண்டு மூங்கிலைக் குறுக்கே வைத்துக் கட்டினார். எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம். அதாவது மதுரவாயலில் அவர் கேட்டதைவிட ஐந்து நிமிஷம் குறைவு.

நூறு கஜம் போனதும் லாரியை நிறுத்தி இறங்கி, கயிற்றைத் திரும்பவும் இறுக்கினார். "லோடு ஒக்காந்தா கயிறு தொளதொளன்னு ஆயிடும்" என்று ருக்மணியிடம் விளக்கினார். அவள் பௌதிகம் கற்றுக்கொண்டாள்.

நான் நடந்தேன். கேபினில் மூன்று பேர், சரக்கோடு ஆள் வரக்கூடாது, வேறு எங்கே போவது? வெள்ளை பிளாஸ்டர் படிந்த கோட்டும் டையுமாக, பெட்டியில் அடங்காத பற்கள் இரண்டு சட்டைப் பைகளிலும் கிலுகிலுக்க, கரிப் புகைக்குப் பின்னால் சென்னீர்குப்பத்திலிருந்து கரையான்சாவடி வரை நடந்தேன். கடைத்தெருவில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது: "பார்றா, கிளீனரு கோட்டு போட்டுகினு வரான்!"

வீட்டு வாசலில் லாரி நின்றபோது மணி பதினொன்றே கால். ராகு காலத்தின் நடுமத்தி. பன்னிரண்டு வரை வெளியே காத்திருக்கலாமா என்று ருக்மணி கேட்டாள். மாமனார் வேட்டியை உதறிக்கொண்டு நேரே உள்ளே போனார்.

"ராகுதான் நம்மகூட லாரியிலயே வந்துட்டாரேம்மா. இனிமே காலம் பார்த்து இன்னா?" என்றார்.

என்னோடு அவர் நேராகப் பேச ஆறு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு கடைவாய்ப் பல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அடுத்த அறையில் கல்கத்தாவில் படித்த மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, பூந்தமல்லி சந்தைக்கு நடந்து போய், சாக்கு விரித்துப் பல் பிடுங்குகிறவனிடம் பிடுங்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்து, பஞ்சைக் கடித்தபடி, பேப்பரை விரித்தார்.

மறு வருஷம் ருக்மணியின் தங்கைக்கு வரன் வந்தது. பையன் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, நல்ல இடம். பஜ்ஜி சாப்பிட்டார்கள், பெண் பாடினாள். ஜாதகத்தை எடுக்கப் போனார்கள். "அது அப்புறம்" என்று மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு டிரங்குப் பெட்டியையும் கயிற்றையும் கொண்டுவரச் சொல்லி, வாசலில் நின்ற மாட்டு வண்டியில் அந்தப் பெட்டியைக் கட்டும்படி பையனிடம் சொன்னார். பாவம், அவன் வேட்டியை மடித்துக்கொண்டு கட்டினான். மாமனார் வண்டியை ஆட்டிப் பார்த்தார், பெட்டியைக் கைத்தடியால் குத்திப் பார்த்தார். அசையவில்லை. அன்றைக்கே நிச்சயதார்த்தம்.

அவர் போன பிறகும் அந்தச் சடங்கு போகவில்லை. ருக்மணி அதை எடுத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு மகள்களின் மாப்பிள்ளைகளும் கட்டினார்கள். போன தை மாதம் பேத்தியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். பாங்கில் பெரிய வேலை, மடிப்புக் கலையாத பேண்ட். காப்பி குடித்து முடித்தவுடன் ருக்மணி ஒரு சூட்கேசையும் கயிற்றையும் அவன் முன்னால் வைத்து, வெளியே நிற்கும் காரின் கூரையைக் காட்டினாள். பையன் கயிற்றைக் கையில் எடுத்தான். அப்படியும் இப்படியும் திருப்பினான். "ஆன்ட்டி, இது இவ்வளவு கனமாக இருக்கிறதே, கட்டாவிட்டாலும் அசையாது" என்று ஆரம்பித்தான்.

வீடு முழுக்கச் சிரித்தது. பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. உதவிக்கு யாராவது உண்டா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என்னைப் பார்த்தான்.

நான் எழுந்து போய்க் கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன். ருக்மணி உடனே உள்ளே திரும்பிச் சத்தம் போட்டாள்: "யாராச்சும் வாங்கடி, இந்த மனுஷரைப் பிடிச்சி இந்தப் பக்கம் கொண்டாங்க!"